தேடிக் கேட்டால்தான் பாட்டு பிழைக்கும்

பேர் பெற்ற பாடகர் ஊருக்கு வந்தால் கூட்டம் அலைமோதுகிறது. சுவரெல்லாம் விளம்பரம். டிக்கெட் கிடைக்காதவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்தப் பாடகருக்கு முதன் முதலில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அது பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து அவர் பாடியிருப்பார். கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அந்தத் திண்ணைக்காரர் இல்லை என்றால், மேடைக்காரரும் இல்லை.

இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய நாடு அயர்லாந்து. இங்கிலாந்துக்கு மேற்கே கடல் நடுவே இருக்கும் தீவு அது. தீவு முழுவதையும் சேர்த்தாலும் ஜனத்தொகை சுமார் 70 லட்சம்தான். ஆனால் அந்தச் சிறிய தீவின் கிராமிய சங்கீதம் இன்று உலகம் எங்கும் ஒலிக்கிறது. நியூயார்க்கிலும் வாசிக்கிறார்கள். டோக்கியோவிலும் வாசிக்கிறார்கள்.

இந்த சங்கீதம் பல தடவை சாகும் நிலைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அதைக் காப்பாற்றியவர்கள் யார்? பெயர் தெரியாத கலைஞரைத் தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். முன்பைவிட அதிகமாகவே தேவைப்படுகிறார்கள்.

மேடை இல்லாத கச்சேரி

அயர்லாந்து சங்கீதத்தைக் "கெல்டிக் சங்கீதம்" என்றும் சொல்வார்கள். கெல்ட் என்பது ஐரோப்பாவின் ஒரு பழைய இனம். அந்த இனத்தாரின் மொழிகள் இன்றும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சு நாட்டின் பிரிட்டனி ஆகிய இடங்களில் வழங்குகின்றன. இந்த இடங்களின் கிராமியப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப் பெயர்தான் கெல்டிக் சங்கீதம்.

அயர்லாந்தில் இதைக் கேட்க வேண்டுமானால் பெரிய மண்டபத்துக்குப் போக வேண்டியதில்லை. "பப்" என்று சொல்லும் மதுக்கடைக்குப் போனால் போதும். அங்கே ஒரு மூலையில் மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் பிடில். ஒருவரிடம் புல்லாங்குழல். ஒருவர் தகரக் குழல் ஊதுவார். இன்னொருவர் "பௌரான்" என்ற தோல் வாத்தியத்தைத் தட்டுவார். பார்ப்பதற்குப் பெரிய கஞ்சிரா போல இருக்கும். ஆட்டுத் தோல் கட்டியது. சிறு குச்சியால் அடிப்பார்கள்.

இதற்கு "செஷன்" என்று பெயர். மேடை இல்லை. டிக்கெட் இல்லை. முன்னால் வைத்துக்கொள்ள இசைப் புத்தகமும் இல்லை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்து கொள்வார்கள். இரண்டு மூன்று தடவை வாசித்தபின், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். நான்கு நான்காக எண்ணும் தாளத்தில் போனால் அது "ரீல்". மூன்று மூன்றாக எண்ணினால் அது "ஜிக்". இரண்டும் நடனத்துக்காகப் பிறந்த மெட்டுகள். கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும்.

வாசிப்பவர்களில் ஒருவர் தச்சராக இருப்பார். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பார். இன்னொருவர் விவசாயியாக இருப்பார். அவர்களுக்குத் தெரிந்த மெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாம் கேட்டுக் கேட்டே மனத்தில் பதிந்தவை.

கேள்வி ஞானத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. தெரிந்தவர் இறந்துவிட்டால், மெட்டும் அவரோடு போய்விடும்.

பத்தொன்பது வயது இளைஞன்

அந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் பெல்பாஸ்ட் நகரத்து மக்கள். அது 1792-ம் ஆண்டு.

பழைய அயர்லாந்தில் "ஹார்ப்" என்னும் யாழுக்குத்தான் முதல் மரியாதை. யாழ் வாசிப்பவர்களைப் பிரபுக்கள் வீட்டில் வைத்து ஆதரித்தார்கள். ஆங்கில ஆட்சி வேரூன்றியதும் அந்தப் பிரபுக்களின் செல்வாக்குப் போயிற்று. யாழ் வித்வான்கள் ஊர் ஊராகத் திரிந்தார்கள். அவர்களில் பலர் கண் பார்வை இல்லாதவர்கள். புகழ் பெற்ற டர்லோ ஓ கேரலன் என்பவருக்கு 18-ம் வயதில் அம்மை நோயால் பார்வை போயிற்று. அவர் குதிரை மேல் ஏறி, வழிகாட்டியின் துணையுடன் நாடு முழுவதும் சுற்றினார். இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகளை விட்டுச் சென்றார். 1738-ல் அவர் இறந்த பிறகு அந்தப் பரம்பரை தேய்ந்துகொண்டே வந்தது.

1792 ஜூலை மாதம் பெல்பாஸ்டில் ஒரு யாழ் விழா நடந்தது. நாடெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். வந்த அயர்லாந்து வித்வான்கள் எத்தனை பேர் தெரியுமா? பத்தே பேர்! அவர்களில் டெனிஸ் ஹெம்ப்ஸன் என்பவர் தொண்ணூறு வயதைத் தாண்டிய கிழவர். உலோகத் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறை அவரிடம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

அவர்கள் வாசிப்பதை எழுதி வைக்க ஓர் இளைஞனை அமர்த்தினார்கள். அவன் பெயர் எட்வர்ட் பண்டிங். வயது பத்தொன்பது. மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பது அவன் வேலை. விழா முடிந்தது. அவன் ஆர்வம் முடியவில்லை. ஊர் ஊராகப் போய் மேலும் பல மெட்டுகளை எழுதிக்கொண்டான். 1796-ல் 66 மெட்டுகளைப் புத்தகமாக வெளியிட்டான். 1809-லும், 1840-லும் இன்னும் இரண்டு புத்தகங்கள் வந்தன.

அந்தப் பத்துப் பேரும் வெகு காலத்துக்கு முன்பே மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். அவர்கள் வாசித்தது இன்றும் கேட்கிறது. ஒருவன் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்த பலன் அது.

பாட்டு பிடித்த போலீஸ் அதிகாரி

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சாப்பாடு. பஞ்சம் பல ஆண்டுகள் நீடித்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறி வெளிநாடு போனார்கள். கிராமங்கள் காலியாயின. பாட்டும் அவர்களோடு கடல் கடந்தது.

அந்தப் பஞ்ச காலத்தில், 1848-ல், கார்க் மாவட்டத்தில் பிறந்தவர் பிரான்சிஸ் ஓ நீல். சிறு வயதிலேயே குழல் வாசிக்கப் பழகினார். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். பசிபிக் கடலில் அவர் போன கப்பல் உடைந்தது. ஒரு தீவில் ஒதுங்கியவர்களை வேறொரு கப்பல் காப்பாற்றியது. அதில் சாப்பாடு மிகவும் குறைவு. அங்கே ஒரு மாலுமியிடம் குழல் இருந்தது. இளைஞன் ஓ நீல் அதை வாங்கி வாசித்தான். கேட்டு மகிழ்ந்த மாலுமி, தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தான். பாட்டு அன்று சோறு போட்டது!

பிறகு அவர் அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்கு வந்தார். 1873-ல் போலீசில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு திருடன் அவரைச் சுட்டான். உயிர் தப்பினார். படிப்படியாக உயர்ந்து, 1901-ல் சிகாகோ போலீசுக்கே தலைமை அதிகாரி ஆனார்.

பதவி உயர்ந்தும் பாட்டுப் பைத்தியம் போகவில்லை. சிகாகோவில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். ஒவ்வொரு மாவட்டத்துக்காரரும் தம் ஊர் மெட்டைக் கொண்டு வந்திருந்தார்கள். தெருவில் ஒருவர் சீட்டி அடித்துக்கொண்டு போனாலும் ஓ நீல் காது கொடுத்துக் கேட்பார். நல்ல வாசிப்பாளர்கள் போலீசில் வேலைக்குச் சேர உதவினார். அவருக்கு இசையைக் குறிப்பாக எழுத வராது. ஜேம்ஸ் ஓ நீல் என்ற சக போலீஸ்காரர் எழுதிக் கொடுத்தார். இருவரும் பெயரில்தான் ஒன்று, உறவினர் அல்லர்.

1903-ல் புத்தகம் வெளிவந்தது. அதில் 1,850 மெட்டுகள். 1907-ல் இன்னொரு புத்தகம். அதில் 1,001 நடன மெட்டுகள். இன்றும் அயர்லாந்து வாத்தியக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். தாய்நாட்டில் மறந்துபோன மெட்டுகள் சிகாகோ போலீஸ் அதிகாரியின் புத்தகத்திலிருந்து தாய்நாட்டுக்குத் திரும்பின.

இசைத்தட்டு செய்த நன்மையும் தீமையும்

பிறகு கிராமபோன் வந்தது. அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தைச் சேர்ந்த மைக்கேல் கோல்மன் 1914-ல் அமெரிக்கா போனவர். அவர் 1921 முதல் 1936 வரை நியூயார்க்கில் பல இசைத்தட்டுகள் கொடுத்தார். பிடிலில் அவர் வில் போன வேகமும் நளினமும் கேட்டவர்களைக் கட்டிப் போட்டன. தட்டுகள் கப்பலில் அயர்லாந்துக்கு வந்தன. கிராமபோன் வைத்திருந்தவர் வீட்டில் ஊரே கூடியது. தங்கள் பாட்டுக்கு இத்தனை மதிப்பா என்று ஜனங்கள் பெருமைப்பட்டார்கள்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் கோல்மன் போலவே வாசிக்க ஆசைப்பட்டார்கள். அதற்கு முன்பு மாவட்டத்துக்கு ஒரு பாணி இருந்தது. வடக்கே டனிகால் மாவட்டத்து பிடில், வெட்டி வெட்டி விறுவிறுப்பாகப் போகும். மேற்கே கிளேர் மாவட்டத்துப் பாணி, நிதானமாக இழைந்து வரும். தட்டில் வந்த ஒரே பாணி பெரிதாகி, மற்றப் பாணிகள் பல இடங்களில் மங்கின. சொந்த ஊர்க் கிழவர் வாசிப்பதைப் பழசு என்று இளைஞர்கள் ஒதுக்கினார்கள்.

கோல்மன் மேல் குற்றம் இல்லை. அவர் மேதை. ஒரே ஒருவரை மட்டும் கேட்டதுதான் குற்றம். எல்லோரும் ஒருவரையே கேட்டால் மற்றவர்கள் வாய் மூடிப் போவார்கள். இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

இதற்கிடையில் சட்டமும் வந்து சேர்ந்தது. 1935-ல் அயர்லாந்து சர்க்கார் பொது நடனக் கூடங்களுக்கு லைசென்சு வேண்டும் என்று சட்டம் போட்டது. வீட்டுக் கூடத்திலும் நாற்சந்தியிலும் நடந்த நடனங்களைப் பாதிரியார்களும் போலீசாரும் அதைச் சொல்லித் தடுத்தார்கள். ஆடுவதற்கு இடம் போனால், வாசிப்பவருக்கு வேலை ஏது? பல பிடில்கள் சுவரில் தொங்கியபடியே தூசி படிந்தன.

குதிரை வண்டியில் வந்த வித்வான்

அந்தக் காலத்தில் குதிரை பூட்டிய கூண்டு வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றிய ஒரு வித்வான் இருந்தார். அவர் ஜானி டோரன். சந்தையிலும், பந்தயத் திடலிலும், திருவிழாவிலும் நின்று "இல்லன் பைப்" வாசிப்பார். அதை முழங்கைக் குழல் என்று சொல்லலாம். தோல் பையில் அடைத்த காற்றால் ஒலிப்பது அது. வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கையின் கீழ் சிறு துருத்தி. அதை அமுக்கி அமுக்கிக் காற்றை நிரப்ப வேண்டும். மறு முழங்கையால் பையை அழுத்த வேண்டும். விரல்கள் குழலில் ஓட வேண்டும். கற்க ஏழு ஆண்டு, பழக ஏழு ஆண்டு, வாசிக்க ஏழு ஆண்டு, ஆக 21 ஆண்டு ஆனால்தான் வித்வான் என்று அந்த நாட்டில் சொல்வார்கள்.

டோரன் எந்தக் கம்பெனிக்கும் இசைத்தட்டு கொடுத்ததில்லை. 1947-ல் அவர் உடல் நலம் குன்றியிருப்பதை டப்ளின் நகரத்தில் கடை வைத்திருந்த ஜான் கெல்லி என்ற பிடில்காரர் கவனித்தார். இந்த மனிதர் வாசிப்பை உடனே பதிவு செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நாட்டுப்புறக் கலைகளைச் சேகரித்து வந்த சர்க்கார் குழுவிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். சில மெட்டுகள் தட்டில் பதிவாயின.

1948 ஜனவரியில் டப்ளினில் ஒரு சுவர் இடிந்து டோரனின் வண்டி மேல் விழுந்தது. அவர் படுகாயம் அடைந்தார். 1950-ல் இறந்தே போனார்.

ஜான் கெல்லி மட்டும், "அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம்" என்று இருந்திருந்தால்? டோரன் வாசிப்பு இன்று வெறும் கர்ண பரம்பரைக் கதையாக இருந்திருக்கும்.

டோரன் விதைத்த விதையும் வீண் போகவில்லை. 1930-களில் மில்டவுன் மால்பே என்ற கடலோர ஊரில் அவர் வாசித்ததை வில்லி கிளான்சி என்ற இளைஞர் கேட்டார். தச்சு வேலை செய்பவர். அன்று முதல் அவருக்கு முழங்கைக் குழல்தான் உயிர். பிறகு தேர்ந்த வித்வான் ஆனார். 1973-ல் அவர் காலமான அதே ஆண்டு, அவர் பெயரில் அந்த ஊரில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் பல நாட்டு மாணவர்கள் அங்கே வருகிறார்கள். 1968-ல் முழங்கைக் குழலுக்கு ஒரு சங்கம் தொடங்கியபோது வாசிப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2017-ல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

அழிந்தது என்றார்கள், எழுந்து நின்றது

கடலுக்கு அப்பால் கனடாவில் கேப் பிரெட்டன் என்று ஒரு தீவு உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த பிடில் சங்கீதம் அங்கே வழி வழியாக வந்தது. 1971-ல் கனடா டெலிவிஷன் ஒரு படம் எடுத்தது. "மறைந்து வரும் கேப் பிரெட்டன் பிடில்காரர்" என்பது அதன் பொருள். இளைஞர்கள் யாரும் கற்பதில்லை. இந்தக் கலை இன்னும் கொஞ்ச நாள்தான் என்று படம் சொல்லிற்று.

தீவு மக்களுக்கு ரோசம் வந்தது. வீடு வீடாகப் போய் பிடில்காரர்களைத் தேடினார்கள். 1973-ல் கிளெண்டேல் என்ற ஊரில் விழா வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்கள் ஒரே மேடையில் நின்று வாசித்தார்கள்! பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடங்கின. இன்று அந்தத் தீவின் இளைஞர்கள் உலகம் சுற்றி வாசிக்கிறார்கள்.

கலைஞர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். கூப்பிட ஆள் இல்லை. அவ்வளவுதான்.

சொந்தக் காலில் நின்ற பெண்மணி

கூப்பிடுவார்கள் என்று காத்திராமல் தானே தெருவில் இறங்கிய ஒருவரும் உண்டு. கனடாவைச் சேர்ந்த லொரீனா மெக்கென்னிட் என்ற பெண்மணி யாழ் வாசித்துக் கெல்டிக் பாட்டுகள் பாடுபவர். 1985-ல் முதல் பாட்டுத் தொகுப்பைச் செய்தார். எந்தக் கம்பெனிக்கும் அதை விற்கவில்லை. சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். டொரண்டோ நகரத்துச் சந்தை அருகே தெருவில் யாழுடன் உட்கார்ந்து பாடுவார். நின்று கேட்டவர்களுக்குக் காசெட் விற்பார். வாங்கியவர்கள் விலாசம் கொடுத்தால் குறித்துக்கொண்டு, அடுத்த தொகுப்பு வரும்போது கடிதம் எழுதுவார்.

சமையலறை மேஜையில் நடந்த அந்த வியாபாரம் வளர்ந்தது. அவருடைய தொகுப்புகள் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன. இத்தனைக்கும் முதல் ஆதரவு எது? சந்தைக்குக் காய்கறி வாங்க வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்று கேட்டாரே, அதுதான்.

இன்றைய தொல்லை

இன்று எல்லாப் பாட்டும் கைபேசிக்குள் வந்துவிட்டது. இனிமேல் தேட வேண்டிய வேலையே இல்லை என்று தோன்றும். உண்மை வேறு.

கைபேசியில் பாட்டுக் கேட்க உதவும் நிறுவனங்கள் கோடிக்கணக்கான பாட்டுகளைக் குவித்து வைத்திருக்கின்றன. அவற்றுள் எதை முன்னால் காட்டுவது என்று இயந்திரக் கணக்கு முடிவு செய்கிறது. ஏற்கெனவே பலர் கேட்டது மேலும் பலருக்குப் போகிறது. சிலரே கேட்டது அடியில் கிடக்கிறது. கோல்மன் காலத்தில் இசைத்தட்டு செய்ததை இன்று இந்தக் கணக்கு நூறு மடங்காகச் செய்கிறது.

பணத்தின் கதை அதைவிட மோசம். ஸ்பாட்டிபை என்ற பெரிய நிறுவனம் 2024 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. ஓர் ஆண்டில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுப் பதிவுக்கு ஒரு காசும் கிடையாது. கம்பெனி ஆதரவு இல்லாமல் தனியாக வாசிக்கும் கிராமியக் கலைஞர்தான் இந்த விதியில் முதலில் அடிபடுகிறார்.

அவர் வாசிக்கும் இடத்துக்கும் ஆபத்து. டப்ளின் நகரத்தில் ஸ்மித்பீல்டு என்னும் பகுதியில் கோபிள்ஸ்டோன் என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. கிராமிய சங்கீதத்துக்குப் பேர் போன இடம். 2021-ல் அந்த இடத்தில் பெரிய ஓட்டல் கட்ட யோசனை வந்தது. வாத்தியக்காரர்களும், நடனக்காரர்களும், கேட்க வருபவர்களுமாகத் தெருவில் திரண்டார்கள். பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் போனார்கள். சவப்பெட்டி ஒன்றையும் தூக்கிப் போனார்கள். நகரத்தின் கலை சாகிறது என்பது அதன் அர்த்தம். அந்த ஆண்டு நவம்பரில் நகர சபை ஓட்டலுக்கு அனுமதி மறுத்தது. கேட்பவர்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு மூலையையாவது காப்பாற்றலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

சர்க்காரும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2022-ல் அயர்லாந்து அரசு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. விண்ணப்பித்த கலைஞர்களில் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு 325 யூரோ கொடுத்தது. பாடகர்களும், வாத்தியக்காரர்களும் அதில் உண்டு. நல்ல காரியம். ஆனால் சர்க்கார் பணத்தால் அரிசி வாங்கலாம். கேட்கும் காதை வாங்க முடியாது.

எப்படித் தேடுவது?

தேடுவது கஷ்டமான வேலை அல்ல. அயர்லாந்து வாத்தியக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு மெட்டை வாசித்தால், "இதை இன்னாரிடம் கற்றேன்" என்று சொல்வார்கள். இசைத்தட்டின் உறையிலும் அச்சிடுவார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு புதிய கலைஞர் கிடைப்பார். அவர் இன்னொருவர் பெயரைச் சொல்வார். பேர் பெற்றவரிடம் தொடங்கி, பேர் தெரியாதவரிடம் போய்ச் சேரலாம். இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

இரண்டாவது வழி, விழாக்களின் நிகழ்ச்சி நிரல். 1951 முதல் அயர்லாந்தில் ஆண்டுதோறும் "பிளா" என்ற கிராமிய சங்கீதத் திருவிழா நடக்கிறது. பிரிட்டனியில் லோரியன் நகரத்தில் 1971 முதல் கெல்டிக் விழா நடக்கிறது. நிரலில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களை எல்லோருக்கும் தெரியும். சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஆவணக் காப்பகம். டப்ளினில் 1987-ல் அயர்லாந்து பாரம்பரிய சங்கீதத்துக்கென்றே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். பழைய பதிவுகள் பலவற்றை அது இணையம் வழியே இலவசமாகக் கேட்கச் செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டில் உட்கார்ந்தபடியே அவற்றைக் கேட்கலாம்.

கேட்டுப் பிடித்துவிட்டால் அடுத்த கடமை ஒன்று உண்டு. அது காசு கொடுத்து வாங்குவது. கலைஞரிடமிருந்து நேராக வாங்குவது உத்தமம். 2008-ல் தொடங்கிய "பேண்ட்கேம்ப்" போன்ற இணையக் கடைகளில், விற்ற விலையில் பெரும் பகுதி கலைஞருக்கே போகிறது. ஆயிரம் தடவை சும்மா கேட்பதைவிட, ஒரு தடவை விலை கொடுத்து வாங்குவது அவருக்கு அதிக உதவி.

சென்னைக் கோட்டையில் கேட்ட காது

அயர்லாந்து மெட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதுவும் இருநூறு ஆண்டுச் சம்பந்தம்.

முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் வாழ்ந்த காலம் அது. மணலி முதலியார் ஆதரவில் சகோதரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய், கும்பெனியாரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடில் கற்றார். கர்நாடக சங்கீதத்துக்குப் பிடில் வந்த கதை அதுதான். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், தாம் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் "நோட்டு ஸ்வரம்" என்று குழந்தைகள் இன்றும் கற்கும் பாட்டுகள். நாற்பதுக்கு அருகில் உண்டு. அவற்றுள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளும் இருக்கின்றன. "வந்தே மீனாக்ஷி" என்ற கிருதியின் மெட்டு, அயர்லாந்தின் லிமெரிக் என்ற ஊர்ப் பெயரால் வழங்கிய மெட்டு என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாண்டு வாசித்த சிப்பாய்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் மகா வித்வான்களும் அல்லர். வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்டவர் தீட்சிதர். அதனால் எங்கோ இருக்கும் தீவின் மெட்டு மதுரை மீனாட்சியின் பாட்டாயிற்று.

பெரிய காதுக்குத் தூரம் இல்லை. வேற்று மொழி என்ற பேதமும் இல்லை.

வீட்டுக்கு வீடு செய்யக்கூடியது

இந்தக் கதைகளில் வரும் மனிதர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் கோவிலில் ஆர்கன் வாசித்த இளைஞர். ஒருவர் போலீஸ் அதிகாரி. ஒருவர் கடைக்காரர். மற்றொருவர் தச்சர். இவர்களுக்கு லட்சக்கணக்கில் பணம் இல்லை. தங்கள் வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். தேடினார்கள். கேட்டார்கள். கேட்டதை மற்றவருக்குச் சொன்னார்கள். ஒரு நாட்டின் சங்கீதம் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எந்தக் குடும்பத்துக்கும் உண்டு. கைபேசி தானாகப் போடும் பாட்டை அன்று நிறுத்தி வைக்கலாம். இதுவரை பெயர் கேட்டிராத ஒரு கலைஞரைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடிக் கேட்கலாம். அது அயர்லாந்துக் குழலாக இருக்கலாம். ஸ்காட்லாந்து பிடிலாக இருக்கலாம். பிடித்திருந்தால் அவர் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, நாலு பேருக்குச் சொல்லலாம். முடிந்தால் ஒரு பாட்டை விலைக்கு வாங்கலாம்.

பெயர் தெரியாத கலைஞருக்குப் பொன்னாடை தேவையில்லை, மாலை தேவையில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் தன் வாசிப்பை ஒருவர் கேட்டார் என்று தெரிந்தால் போதும். நாளைக்கும் அவர் வாத்தியத்தைக் கையில் எடுப்பார்.